சூட்டுப் பக்கம், குளிர்ப் பக்கம்

எங்கள் வீட்டில் பாம்பு இருந்தது என்று சொன்னால் நம்முடைய ஆட்கள் முதலில் கேட்பது, பால் வைத்தீர்களா என்றுதான். வைக்கவில்லை. பாம்பு பால் குடிக்காது. முட்டையும் வைக்கவில்லை. அந்த வகை முட்டை தின்னாது. குளிர்பெட்டியில் முருங்கையிலைக்குப் பக்கத்தில் பையில் கட்டிக் கிடந்த எலிக்குஞ்சைத்தான் தின்னும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது பக்திக் கதை இல்லை. பேய்க் கதையும் இல்லை. ஆனால் அந்தக் குளிர்காலத்தில் வீட்டிலிருந்த பெரியவர்கள் எல்லோரும் சேர்ந்து அதைப் பேய்க் கதை போலத்தான் நடத்தினார்கள்.

உங்களுக்கும் ஐம்பது நெருங்கியிருக்கும். முழங்கால் நோகத் தொடங்கியிருக்கும். நீங்களும் மெல்பேணில் வளர்ந்த தமிழ்ப் பெண் என்றால் உங்களையும் சேலை சுற்றி, மாலை போட்டு, ஒரு மண்டபத்து மேடையில் ஏற்றி, ஊரே பார்க்க நீங்கள் பெரியபிள்ளையாகிவிட்டீர்கள் என்று சொல்லி ஆராத்தி எடுத்திருப்பார்கள். அந்த வீடியோவை உங்கள் பிள்ளைகள் பார்த்துச் சிரித்திருப்பார்கள். நானும் சிரித்துவிட்டுப் போகலாம். முடியவில்லை. எனக்கு இன்னும் கோபம் போகவில்லை.

பாம்பு அண்ணாவுடையது. பல்கலைக்கழகத்துக்கு அவன் சிட்னி போனபோது நார்த்மீட்டில் அறை தந்தவர்கள் பாம்பு என்றதும் முகத்தைச் சுளித்தார்கள். அதனால் அது மெல்பேணில், ரோவில் பக்கத்து எங்கள் வீட்டில், என் அறைக்கு வந்தது. பைதன் இனம்தான், ஆனால் பெயரைக் கேட்டுப் பயப்படாதீர்கள். அந்த வகை முழுதாக வளர்ந்தாலும் ஒரு மீற்றரைத் தாண்டாது. அப்போது என் கை நீளம், பெருவிரல் தடிப்பு. பால்தேநீரின் நிறம், முதுகில் மண்ணிறப் புள்ளிகள். கையில் எடுத்தால் மழையில் நனைந்த தகரத்தின் மணம் வரும்.

அதன் பெட்டியை அண்ணாவே செய்தான். யாரோ வீதியோரம் எறிந்திருந்த பழைய தொலைக்காட்சியின் மரக்கூட்டைக் கொண்டுவந்து, உள்ளேயிருந்ததை எல்லாம் கழற்றி எறிந்துவிட்டு, முன்பக்கம் கண்ணாடியும் மேலே ஒரு மூடியும் போட்டான். இடது மூலையில் கம்பிக் கூண்டுக்குள் ஒரு சிவப்பு பல்பு. சூடு கூடினால் தானே அணைந்து, குறைந்தால் தானே எரியும் ஒரு சின்னப் பெட்டி. உள்ளே இரண்டு வெப்பமானிகள். பள்ளிக்கூடத்தால் வந்து அதன் முன்னால் கதிரை போட்டு, மற்றப் பிள்ளைகள் கார்ட்டூன் பார்ப்பதுபோல் நான் பாம்பைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. எனக்கு அலுத்ததில்லை.

அண்ணா போகும்போது ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான். பாம்புக்குச் சொந்தச் சூடு கிடையாது. வெளியிலிருந்துதான் எடுக்க வேண்டும். பெட்டியின் ஒரு பக்கம் முப்பத்திரண்டு பாகை, மறுபக்கம் இருபத்தைந்து. எங்கே கிடப்பது என்று அதுவே பார்த்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் சூடென்றால் அவிந்து சாகும். இரண்டு பக்கமும் குளிரென்றால் நெஞ்சில் சளி கட்டி மெல்ல மெல்லச் சாகும்.

"சூட்டுப் பக்கத்தை மட்டும் பாத்திட்டு வந்திடாதை," என்றான். "ரெண்டு பக்கமும் பார்."

ஜூலையில் நான் பெரியபிள்ளையானேன். அம்மா அழுதார். சித்தி சிரித்தார். அப்பா மண்டபத்துக்குத் தொலைபேசி எடுத்தார். எனக்கு வயிறு நொந்தது. என்னிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

சித்தி அம்மாவின் தங்கை. யாழ்ப்பாணத்திலிருந்து முந்தின வருடம்தான் வந்திருந்தார். சடங்கு எப்படிச் செய்வது என்று வீட்டில் சரியாகத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான், அல்லது தெரிந்தவர்போல் பேசினார். மண்டபம் கிடைத்த நாள்வரை நான் அறையை விட்டு வெளியே வரக் கூடாது. ஆண்முகம் பார்க்கக் கூடாது, அப்பாவின் முகமும்தான். தலைமாட்டில் வேப்பிலை இருக்க வேண்டும். ரோவிலில் வேப்பிலைக்கு எங்கே போவது? பின்வளவில் நின்ற ஏதோ ஒரு மரத்தின் கொப்பை முறித்துச் செருகினார்கள். தலையணைக்குக் கீழே இரும்பு வேண்டும் என்று அப்பாவின் ஸ்குரூ டிரைவரை வைத்தார்கள். எனக்குக் கொப்புளிப்பான் அம்மை வந்துவிட்டது என்று பள்ளிக்கூடத்துக்குச் சொன்னார்கள்.

முதல் நாள் என்னைக் குளிக்க வார்த்து அறைக்குக் கூட்டிவந்தபோது பெட்டி இல்லை. கம்பளத்தில் அது நின்ற இடத்தில் நாலு குழிகள் மட்டும் இருந்தன.

"எங்கை?" என்றேன்.

"கராஜுக்கை வச்சிருக்கு," என்றார் அம்மா. "ரெண்டு கிழமைதானே."

"கராஜ் குளிரும் அம்மா."

"பாம்போடை ஒரு அறையிலை பிள்ளையை வைக்கேலாது," என்றார் சித்தி. "பாக்க வாற சனம் என்ன சொல்லும்? ஒருத்தி கண்டாளெண்டால் காணும், டண்டினோங் முழுக்கக் கதை போயிடும்."

பல்பையும் சூட்டுப் பெட்டியையும் அப்பா ஒழுங்காகப் பொருத்தியிருப்பதாகச் சொன்னார்கள். நான் ஒரு ஒப்பந்தம் போட்டேன். காலையும் மாலையும் யாராவது வெப்பமானியைப் பார்த்து எனக்குச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் உழுத்தங்களி தின்ன மாட்டேன், நல்லெண்ணெய் குடிக்க மாட்டேன். அந்த வேலை சித்தியின் தலையில் விழுந்தது. ஊரில் அவருக்குப் பாம்பென்றால் காலில் செருப்பு நிற்காது. பாவம்தான். ஆனால் எனக்கு வேறு ஆளில்லை.

கதவுக்கு வெளியே நின்று சொல்வார்.

"பாத்தனான் பிள்ளை. முப்பத்தொண்டு."

"தண்ணி மாத்தினதோ?"

"அப்பா மாத்தினவர்."

"என்ன செய்யுது?"

"படுத்துக் கிடக்கு. வேறென்ன செய்யும், ரியூஷனுக்கே போகும்?"

முதல் சில நாட்கள் எண் மாறிக்கொண்டிருந்தது. முப்பத்தொன்று, முப்பத்துமூன்று, ஒருநாள் காலை இருபத்தொன்பது. அதன் பிறகு முப்பத்திரண்டு. மாலை முப்பத்திரண்டு. மறுநாளும் முப்பத்திரண்டு. நான் அந்தப் பெட்டியை மாதக்கணக்காகப் பார்த்தவள். வெப்பமானி அப்படி ஒரே எண்ணில் நிற்பதில்லை, அதுவும் மெல்பேண் ஜூலையில், தகரக் கதவு போட்ட கராஜில்.

"சித்தி, மற்றப் பக்கம் எவ்வளவு?"

கதவுக்கு வெளியே வளையல் கிலுங்கியது.

"அதுவும் முப்பத்திரண்டுதான் பிள்ளை."

இரண்டு பக்கமும் முப்பத்திரண்டு. சித்தி பெட்டியைப் பார்க்கவில்லை. பார்க்கப் பயந்துதான் பார்க்கவில்லையா, அல்லது பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லையா?

அன்று பின்னேரம்தான் முதல்முறை சத்தம் கேட்டது.

எங்கள் வீடு கட்டைகளின்மேல் நின்ற பழைய வீடு. தரைக்கடியில் காற்றுக்குழாய்கள் ஓடும். ஹீற்றர் போட்டால் ஒவ்வொரு அறையிலும் தரையில் இருந்த இரும்புச் சல்லடை வழியாகச் சூடு வரும். அப்பா வேலைக்குப் போகும்போது நிறுத்திவிட்டுப் போவார், வந்ததும் போடுவார். அன்று அவர் வந்து போட்டார். சல்லடையில் காற்று ஊதத் தொடங்கியது. அந்த ஊதலுக்கு அடியில் இன்னொரு சத்தம். காய்ந்த துணியைத் தகரத்தின்மேல் மெல்ல இழுப்பது போல. இழுத்து, நின்று, இழுத்தது. கட்டிலுக்கு நேர் கீழே வந்து நின்றது. பிறகு போய்விட்டது.

சொன்னேன். அதுதான் பிழை.

"சூடேறேக்கை தகரம் விரியிற சத்தம்," என்றார் அப்பா, கதவுக்கு அப்பாலிருந்து. அவர் எஞ்சினியர். எதற்கும் உடனே பதில் வைத்திருப்பார்.

அம்மா எலி என்றார். சித்தி வந்து சல்லடையைச் சுற்றித் திருநீறு தூவினார். சூட்டுக் காற்று திருநீற்றை அறை முழுக்கப் பரப்பியது. எங்கள் இருவரின் முகமும் வெள்ளையாகிவிட்டது. நான் சிரித்தேன். சித்தி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"இந்த நாளிலை இப்பிடித்தான்," என்று வெளியே போய்ச் சொன்னார். "பிள்ளை பயந்திட்டாள். தனிய இருந்து சிரிக்கிறாள்."

அதன் பிறகு எப்போது பார்த்தாலும் யாராவது கதவைக் கொஞ்சம் திறந்து, ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்துவிட்டு மூடினார்கள். சாப்பாட்டுத் தட்டு வரும். கதவு சாத்தப்படும். கம்பளத்தில் காலடிச் சத்தம் கேட்காது. சில நேரம் கதவுக்குப் பின்னால் யாரோ மூச்சுவிடுவது மட்டும் கேட்கும்.

உண்மையைக் கதவு வழியாகத்தான் கேட்டேன். நான் நித்திரை என்று நினைத்து அம்மாவும் அப்பாவும் கதைத்தார்கள். விருந்துக்குச் செய்த ரோல்ஸை வைக்க அப்பா ஒரு பழைய உறைபெட்டி வாங்கி, அதைக் கராஜ் பிளக்கில் செருகுவதற்காகப் பல்பின் வயரைக் கழற்றியிருக்கிறார். திரும்பச் செருக மறந்துவிட்டார். மறுநாள் பார்த்தபோது மேல்மூடி விலகியிருந்தது, பாம்பு இல்லை.

"குளிருக்கை செத்திருக்கும்," என்றார் அப்பா.

"பிள்ளைக்குச் சொல்லாதேங்கோ," என்றார் அம்மா. "மண்டபம் முடியட்டும். பிறகு வருத்தம் வந்து செத்துப்போச்செண்டு சொல்லுவம். இப்ப அழுது முகம் வீங்கினால் படம் என்னத்துக்காகும்?"

பிள்ளைக்குச் சொல்லாதேங்கோ. நீங்களும் இந்த வசனத்தைக் கேட்டுத்தான் வளர்ந்திருப்பீர்கள். ஊரில் யார் செத்தாலும், இங்கே யாருக்கு வேலை போனாலும், எந்த அங்கிள் எந்த அன்ரியை விட்டுப் போனாலும் இதுதான். அன்பினால் சொல்கிறார்களாம். இப்போது நானும் ஒரு தாய். அவர்கள் பயந்தார்கள் என்று விளங்குகிறது. விளங்கினால் கோபம் போய்விட வேண்டும் என்று எங்கேயும் எழுதியில்லை.

நான் அழவில்லை. கட்டிலில் எழுந்து இருந்து யோசித்தேன். பாம்பு சாகவில்லை. குளிர்ந்த பெட்டியை விட்டு, எங்கேயோ ஒரு ஓட்டையால் வீட்டுக்கடியில் போய், சூடு வரும் குழாயைக் கண்டுபிடித்திருக்கிறது. ஹீற்றர் ஓடும்போது அசைகிறது. நிறுத்தினால் அந்த இருட்டில் விறைத்துக் கிடக்கிறது. ஹீற்றரின் சூளைக்குக் கிட்டப் போனால் வேகும். பகல் முழுக்கக் குளிரில் கிடந்தால் சளி கட்டும். அதற்கு ஒரு சூட்டுப் பக்கமும் ஒரு குளிர்ப் பக்கமும் வேண்டும். என்னிடம் இருந்தது ஒரு வீடு.

சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொன்னால், பாம்பு குழாய்க்குள் இருக்கிறது என்று தெரிந்தால், அப்பா ஹீற்றரை முழுதாகத் திருப்பி அதைத் துரத்தப் பார்ப்பார், அல்லது சல்லடைகளை எல்லாம் அடைத்துவிடுவார். வீட்டுக்கு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். பாம்பா, குடும்பத்தின் பேரா என்றால் அவர்கள் எதை எடுப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

"குளிருது," என்றேன் அம்மாவிடம். "காத்துப் பிடிக்கும்போலை கிடக்கு."

அந்த நாட்களில் பிள்ளைக்குக் காற்றுப் பிடித்தால் பிறகு பிள்ளைப்பேறு வரைக்கும் கேடு என்பது சித்தியின் சட்டம். ஹீற்றர் பகலிலும் ஓடத் தொடங்கியது, ஆனால் மெதுவாக, அளவாக. மற்ற அறைகளின் சல்லடைகளை மூடினால்தான் எனக்குச் சூடு காணும் என்றேன். சித்தி போய் ஒவ்வொன்றாக மூடினார். வீடு முழுக்கக் குளிர்ந்தது. வரவேற்பறையில் அம்மா இரண்டு சுவெற்றர் போட்டுக்கொண்டு இருந்தார். சூடு வெளியேறும் ஒரே வாய் என் கட்டிலுக்குக் கீழே இருந்தது. தலையணைக்கடியில் கிடந்த ஸ்குரூ டிரைவரால் சல்லடையைக் கிளப்பிக் கழற்றினேன். பேய்க்கு வைத்த இரும்பு அதற்காவது உதவியது.

அது ஒரு சாம்பல் நிறப் பின்னேரம். சித்தி வெளியே சோபாவில் கண்ணயர்ந்துவிட்டார். நான் கட்டிலுக்குக் கீழே வயிறு பதியப் படுத்து, அந்தக் கறுப்பு ஓட்டைக்குப் பக்கத்தில் கன்னத்தை வைத்திருந்தேன். தூசி மணத்தோடு சூட்டுக் காற்று முகத்தில் ஊதியது. நீண்ட நேரம் ஒன்றுமில்லை. பிறகு இழுக்கும் சத்தம். நின்றது. ஓட்டையின் விளிம்பில் நாக்கு மட்டும் தெரிந்தது, கறுப்பு நூல்போல, உள்ளே போய் வெளியே வந்து. அதன் பிறகு தலை. அது என் கண்ணுக்கு நேரே நின்று என்னைப் பார்த்தது. எனக்குப் பயமாக இருந்தது. என் அறையில் மாதக்கணக்காக இருந்த அதே பாம்புதான், ஆனால் வீட்டின் அடியில் எங்கெல்லாமோ போய், எங்கள் கதைகளை எல்லாம் கேட்டுவிட்டு வந்ததுபோல் இருந்தது. அது என்னைத் தேடி வரவில்லை. சூட்டைத் தேடி வந்தது. எனக்கு அதுவும் தெரியும்.

எடுத்தபோது நடு உடம்பு வெதுவெதுப்பாகவும் வால் பச்சைத்தண்ணீர் போலவும் இருந்தது. மெலிந்திருந்தது. காதுக்குக் கிட்டப் பிடித்தேன். மூச்சுக்கு மூச்சு மெல்லிய 'டிக்' சத்தம். சளி. இன்னொரு நாள் குளிரில் விட்டால் தப்பாது.

அலுமாரியின் கீழ் இழுப்பறையை அதற்குக் கொடுத்தேன். வயிற்று நோவுக்கென்று எனக்குத் தந்த சுடுதண்ணிப் பையைத் துவாயால் சுற்றி ஒரு பக்கம் வைத்தேன். மறுபக்கம் வெறுமை. வெப்பமானி இல்லை. காய்ச்சல் பார்க்கும் கண்ணாடிக் கோல் இருந்தது. அதில் எண்கள் முப்பத்தைந்தில்தான் தொடங்கும். அதுவே போதும் என்று கண்டுபிடித்தேன். பாதரசம் அசையவே கூடாது. அசைந்தால் சூடு மிஞ்சிவிட்டது, இன்னொரு சுற்றுத் துவாய். அந்தக் கோலைக் கையில் வைத்திருந்ததை அம்மா கண்டு நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். சுடுதண்ணி அடிக்கடி கேட்டேன். நோவு கூட என்று நினைத்து என்மேல் இரங்கினார்கள்.

சித்தி மட்டும் தவறாமல் கதவுக்கு வந்தார்.

"பாத்தனான் பிள்ளை. முப்பத்திரண்டு."

"என்ன செய்யுது சித்தி?"

"நல்லாக் கிடக்கு. இண்டைக்குத் தலையைத் தூக்கி என்னைப் பாத்தது."

அப்போது பாம்பு என் மடியில் இருந்தது. அந்தக் குரல், வெறும் பெட்டிக்குள் இல்லாத பாம்பு தலை தூக்குவதை அவ்வளவு தெளிவாகச் சொன்ன அந்தக் குரல், என்னை மயிர்க்கூச்செறிய வைத்ததுபோல் வேறெதுவும் வைத்ததில்லை. சித்தி கண்டிருக்கிறார் என்றே ஒரு கணம் நம்பினேன். கராஜில் இன்னொன்று இருக்கிறதோ என்றுகூட நினைத்தேன்.

"உங்களுக்குப் பயமில்லையோ?" என்று கேட்டேன்.

"பழகிட்டுது," என்றார்.

மண்டப நாள் விடியவே எல்லோரும் புறப்பட வேண்டும். ஹீற்றரை நிறுத்துவார்கள். இருட்டும்வரை வீட்டில் யாருமில்லை. சுடுதண்ணிப் பை இரண்டு மணித்தியாலத்தில் ஆறிவிடும். எனக்குத் தெரிவு இருக்கவில்லை. அண்ணாவின் பழைய பருத்திக் காலுறை ஒன்றுக்குள் அதை விட்டு, வாயைத் தளரக் கட்டி, என் மேலங்கிக்குள் வைத்துக் காரில் ஏறினேன். மண்டபத்துப் பின்னறையில் சமையல்காரர் கதவைத் திறந்தபடி வைத்திருந்தார்கள். உள்ளே மூச்சு புகையாகத் தெரிந்தது. எந்தப் பையில் வைத்தாலும் யாராவது ஊசி தேடித் திறப்பார்கள். சேலை கட்டி முடித்த அன்ரி போனதும் கழிப்பறைக்குள் போய், காலுறையைப் பாவாடை நாடாவுக்குள், சேலைக் கொய்யகத்துக்குப் பின்னால் செருகினேன். மனித உடம்பின் மேற்தோல், துணிக்குள்ளே, ஏறத்தாழ அதற்கு வேண்டிய சூடுதான்.

மேடையை நான் கணக்கில் எடுக்கவில்லை. வீடியோக்காரரின் இரண்டு விளக்குகள் நேரே என்மேல். நான் தாமரைபோல் செய்த கதிரையில் இருந்தேன். சோடி சோடியாக அன்ரிமார் வந்து, திரி எரியும் தட்டுகளை என்னைச் சுற்றிச் சுற்றி எடுத்தார்கள். வியர்த்தது. வயிற்றோடு அது அசையத் தொடங்கியது. முதலில் மெல்ல, பிறகு வேகமாக. எனக்கு அந்த அசைவு விளங்கியது. சூடு மிஞ்சிவிட்டது. அதற்குக் குளிர்ப் பக்கம் வேண்டும், இப்போது நான்தான் பெட்டி, அந்தப் பெட்டியில் குளிர்ப் பக்கமே இல்லை.

"தண்ணி," என்றேன்.

"இன்னும் கொஞ்ச நேரம்," என்றார் சித்தி. "பொட்டு அழிஞ்சிடும்."

காலுறையின் கட்டு அவிழ்ந்தது. வயிற்றால் ஏறி, சட்டையின் விளிம்பால் நுழைந்து, நெஞ்சுக்கு வந்தது. கழுத்தில் கிடந்த ரோசா மாலை முதல்நாள் முழுக்கக் குளிர்பெட்டியில் இருந்தது. இன்னும் ஈரமாகக் குளிர்ந்திருந்தது. அது சரியாக அங்கேதான் போனது. பூக்களுக்கு இடையில் ஒரு சுற்று பால்தேநீர் நிறத்தில் வெளியே தெரிந்தது.

பக்கத்தில் நின்ற அம்மா குனிந்து மாலையைச் சரிசெய்ய வந்தார். கண்டார்.

அம்மாவின் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. முன்னால் முந்நூறு பேர். செத்துப்போனதென்று அவர் நம்பியது, இன்னும் சில நாளில் செத்துப்போனதென்று எனக்குச் சொல்லவிருந்தது, என் நெஞ்சில் அசைந்துகொண்டிருந்தது. நான் அவர் முகத்தையே பார்த்தேன். கத்தினால் அது விழும். விழுந்தால் அத்தனை குதிச் செருப்புகளுக்கு நடுவில் விழும்.

அம்மா உள்ளங்கையை விரித்து அந்தப் பூக்களின்மேல் வைத்தார்.

"கையை எடுத்தால் விழுமோ?" என்றார், உதடு அசையாமல்.

"விழும்."

"கடிக்குமோ?"

"தெரியாது."

அடுத்த சோடி தட்டோடு வந்தது. "சிரி பிள்ளை," என்றார் அம்மா. அவர் கை ஐஸ்போல இருந்தது. கடைசிச் சோடி இறங்கும்வரை எடுக்கவில்லை. பாம்பு மெல்ல மெல்ல அசைவதை நிறுத்தி, அந்தக் கைக்கு அடியில் சுருண்டது.

வீட்டுக்குத் திரும்பும்போது காரில் அம்மா முன்னிருக்கையில் இருந்தார். மடியில் அண்ணாவின் காலுறை, இரண்டு கையாலும் பொத்தியபடி. முகம் வெளிறியிருந்தது. மன்னிப்பும் இல்லை, ஏச்சும் இல்லை. ஸ்ரட் வீதிச் சிவப்பு விளக்கில் அப்பா திரும்பிப் பார்த்தார்.

"உதென்ன மடியிலை?"

"ஒண்டுமில்லை," என்றார் அம்மா. "ஹீற்றரைக் கொஞ்சம் கூட்டுங்கோ."